கண்ணைப் பற்றித் தோட்டத்தில் கேட்கிற கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கண் முகாம் போடும்போது பெயர் பதிகிற மேசையில் உட்காருகிறவன் நான். வைத்தியர் இல்லை. ஆனால் உள்ளே டொக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் வரிசையில் நிற்கும்போதே என்னிடம் கேட்டுவிடுவார்கள். லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. கண் வைத்தியர்களிடமும் கண் பரிசோதகர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திடீரென்று பார்வை போனாலோ, கண்ணில் பலத்த அடி பட்டாலோ, இரசாயனம் பட்டாலோ இதைப் படித்துக்கொண்டு இருக்காதீர்கள். இரசாயனம் என்றால் உடனே கழுவத் தொடங்குங்கள் (கேள்வி 9). மற்றதற்கு நேராக ஆஸ்பத்திரி. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

1. எனக்கு நாப்பத்திமூணு வயசு. தூரத்துல பஸ் போர்டு நல்லா தெரியுது, சம்பளத் துண்டுல இருக்க எழுத்துதான் தெரியல. கண்ணு கெட்டுப் போச்சா?

கெடவில்லை, வயதாகிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளவயதில் நெகிழ்வாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது தானே வளைந்து கொடுக்கும். நாற்பதைத் தாண்டும்போது அது இறுகத் தொடங்குகிறது. அதனால்தான் பேப்பரைக் கையை நீட்டிப் பிடிக்கிறோம், ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தியைக் கூப்பிடுகிறோம். இதற்குப் பெயர் வெள்ளெழுத்து. எல்லோருக்கும் வரும். கிட்டப் பார்வைக் கண்ணாடி போட்டால் சரி. பவர் அறுபது வயது வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், அப்புறம் பெரும்பாலும் நின்றுவிடும்.

2. அப்ப டவுன்ல ரோட்டோரம் விக்கிற கண்ணாடிய வாங்கிப் போட்டுக்கலாமா?

வெறும் வெள்ளெழுத்து மட்டும்தான், இரண்டு கண்ணும் ஒரே அளவு என்றால் போடலாம். கண் கெட்டுப்போகாது. பவர் பொருந்தாவிட்டால் தலைவலி வரும், அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ரோட்டோரக் கண்ணாடி வாங்குகிறவர் கண்ணைக் காட்டுவதில்லை. நாற்பது வயதில் ஒரு தடவையாவது கண் அழுத்தமும் பின்புற நரம்பும் பார்க்கப்பட வேண்டும் (ஏன் என்று 18இல் சொல்கிறேன்). கண்ணாடி கையில் இருப்பதால் அந்தப் பரிசோதனை பத்து வருஷம் தள்ளிப்போகிறது.

3. கண்ணாடி போட்டுப் பழகிட்டா கண்ணு சோம்பேறியாகி இன்னும் மோசமாப் போகும்னு சொல்றாங்களே?

இல்லை. பிள்ளைக்குப் பவர் ஏறுவது உடம்பு வளரும்போது கண்ணும் நீளமாக வளர்வதால். கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் அது நடக்கும். பெரியவர்களுக்கு வெள்ளெழுத்து ஏறுவது வயதால். கண்ணாடியைக் கழற்றினால் முன்னைவிட மங்கலாகத் தெரிவது போலிருக்கும். தெளிவாகப் பார்த்துப் பழகியதால் வரும் வித்தியாசம்தான் அது.

4. கிளினிக் கார்டுல 6/18ன்னு எழுதியிருக்கு. இது பாஸா பெயிலா?

மேலே உள்ள எண் நீங்கள் நின்ற தூரம், 6 மீட்டர். கீழே உள்ளது, நல்ல பார்வை உள்ளவர் அதே எழுத்தை எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பார் என்பது. அவர் 18 மீட்டரிலிருந்து படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறீர்கள். 6/6 என்றால் இயல்பான பார்வை. 6/60 என்றால் அட்டையின் முதல் பெரிய எழுத்து மட்டும்தான் தெரிகிறது.

கார்டில் இரண்டு வரி இருக்கும், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று. ஒரு கண் 6/6ஆக இருந்தால் மற்றக் கண் மங்கிப்போனது நமக்கே தெரியாமல் இருக்கலாம். வீட்டில் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சுவரில் உள்ள காலண்டரைப் பாருங்கள். அப்புறம் கையை மாற்றுங்கள். செலவில்லாத பரிசோதனை.

5. நுவரெலியா கேரட்ட நெறையாத் தின்னா கண்ணாடியக் கழட்டிரலாமா?

கழற்ற முடியாது. கேரட்டில் இருந்து உடம்பு உயிர்ச்சத்து ஏ தயாரிக்கிறது. அது குறைந்தால் மாலைக்கண் வரும், கருவிழி காயும். குறையில்லாதவர் கூடுதலாகத் தின்பதால் பவர் மாறாது. பூசணி, பொன்னாங்கண்ணி, வல்லாரை, மாம்பழம், முட்டை எல்லாம் நல்லதே. கேரட் விலை ஏறிய வாரத்தில் கவலைப்பட வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் முளைக்கும் கீரையே போதும். சின்னப் பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் உயிர்ச்சத்து ஏ மருந்தைத் தவறவிடாதீர்கள்.

6. லயத்துல ஒருத்தருக்குக் கண்ணு நோவு வந்தா வரிசையா எல்லாருக்கும் வருது. பாத்தாலே ஒட்டிக்குமா?

பார்ப்பதால் ஒட்டாது, தொடுவதால்தான் ஒட்டுகிறது. கண்ணைக் கசக்கிய கை, அதே கை தொட்ட துவாய், தலையணை உறை, பீலியடியில் (தண்ணீர் பிடிக்கும் இடத்தில்) வைத்த சோப்பு, கைமாறுகிற போன். நோய் உள்ளவருக்குத் தனித் துவாய் கொடுத்து, அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவினால் பலருக்கு வராமல் தடுக்கலாம். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், மற்றவர்களைக் காப்பாற்றாது.

பெரும்பாலும் வைரஸால் வருவது, ஒன்று இரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் பீளையைத் துடைத்தால் போதும். ஆனால் பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் கூசினாலோ, வலி அதிகமானாலோ, ஒரு கண் மட்டும் சிவந்து நாளுக்கு நாள் கூடினாலோ அது சாதாரணக் கண் நோவு இல்லை.

7. போன தடவ குடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருக்கு. அதையே விட்டா என்ன?

விடவே கூடாது. திறந்த போத்தல் நான்கு வாரத்தோடு முடிந்தது. அதற்குமேல் அதற்குள்ளேயே கிருமி வளரும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் போத்தலில் ஸ்டீரொய்ட் இருக்கலாம். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று போத்தலில் போட்டிருந்தால் அது ஸ்டீரொய்ட். விட்டவுடன் சிவப்பு இறங்கும், அரிப்பு நிற்கும், மனசுக்குச் சுகமாக இருக்கும். கண்ணில் பூஞ்சைப் புண் இருந்தால் உள்ளே அது வேகமாகப் பரவும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை வரும். ஸ்டீரொய்ட் கெட்ட மருந்து இல்லை, வைத்தியர் கண்காணிப்பில் கண்ணையே காப்பாற்றும். பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கி விடுகிற மருந்துதான் இல்லை.

8. கவ்வாத்து வெட்டுறப்ப குச்சி கண்ணுல குத்திருச்சி. தாய்ப்பால் விட்டா சரியாப் போகும்னு மாமி சொல்றாங்க.

மாமி அன்பாகத்தான் சொல்கிறார். ஆனாலும் வேண்டாம். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, தேன், நாக்கால் தூசி எடுப்பது, எதுவும் வேண்டாம்.

குச்சியோ தேயிலை இலையின் ஓரமோ கருவிழியில் உராய்ந்தால் முதல் நாள் மணல் விழுந்தது போல உறுத்தும், தண்ணீர் வடியும். பலருக்கு ஓரிரு நாளில் ஆறிவிடும். சிலருக்கு ஆறுவது போலிருந்து, சில நாள் கழித்து மறுபடி சிவக்கும், வலிக்கும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் கருவிழியில் சிறிய வெள்ளைப் புள்ளி தெரியும். அது புண். செடி கொடியால் பட்ட காயத்தில் பூஞ்சை ஏறியிருக்கலாம். பூஞ்சைப் புண் மெதுவாக வளரும், ஆற வாரக்கணக்கில் மருந்து வேண்டும். பிந்தினால் கருவிழியில் ஆறாத தழும்பு விழும், கருவிழி ஓட்டையாகிக் கண்ணே போகவும் கூடும்.

எனவே குத்திய அன்றே தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள். மறுநாளும் உறுத்தல் இருந்தால், அல்லது வெள்ளைப் புள்ளி தெரிந்தால், கண் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். “செடி குத்தியது” என்பதை மறக்காமல் சொல்லுங்கள், மருந்து தேர்வே அதைப் பொறுத்தது. குச்சி கண்ணுக்குள் ஏறி நிற்கிறது என்றால் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள். அடி வெட்டிய கப் ஒன்றால் மூடி அப்படியே கூட்டிப்போங்கள்.

கவ்வாத்துக் காட்டில் சாதாரணப் பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் இதில் பெரும்பாலானவை நடக்காது. மூடுபனியில் மங்கிப்போகிறது என்று கழற்றி வைக்கிறார்கள், அதுவும் உண்மைதான். பக்கத்தில் காற்றோட்டத் துளை உள்ளது கிடைக்கிறது. தோட்ட நிர்வாகம் வாங்கிக் கொடுக்க வேண்டிய பொருள் இது, கேளுங்கள்.

9. வெத்தலைக்கு வச்சிருந்த சுண்ணாம்பு பிள்ளை கண்ணுல தெறிச்சிருச்சி. ஒடனே என்ன செய்யணும்?

தண்ணீர். கிடைக்கிற சுத்தமான தண்ணீர், பீலித் தண்ணீராக இருந்தாலும் சரி. பிள்ளையைப் படுக்க வைத்து, இமைகளை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஓடும்படி ஊற்றுங்கள். குறைந்தது இருபது நிமிடம், நிறுத்தாமல். பிள்ளை கத்தும், பரவாயில்லை. இமைக்கு உள்ளே சுண்ணாம்புத் துண்டு ஒட்டியிருந்தால் ஈரத் துணி முனையால் எடுங்கள், எடுக்காவிட்டால் அது கரைந்து கரைந்து சுட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. வழியிலும் முடிந்தால் ஊற்றிக்கொண்டே போங்கள்.

அமிலத்தைவிடச் சுண்ணாம்பு போன்ற காரம் கண்ணுக்கு மோசம். அது மேலோடு நிற்காமல் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். டொலமைட், உரம், களைநாசினி தெறித்தாலும் முதல் வேலை இதே கழுவல்தான். களைநாசினி என்றால் போத்தலையோ லேபலையோ கையோடு கொண்டுபோங்கள். வெற்றிலைப் பெட்டி பிள்ளைக் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

10. அட்டை கண்ணுக்குள்ள ஏறிருச்சின்னா உப்பு வைக்கலாமா?

காலில் வைக்கிற வைத்தியத்தைக் கண்ணில் செய்யாதீர்கள். உப்புக்கட்டி, புகையிலை, சுண்ணாம்பு மூன்றும் அட்டையைவிடக் கண்ணுக்குத்தான் அதிகம் கெடுதல். இழுத்துப் பிடுங்கினால் வாய்ப் பகுதி ஒட்டிக்கொண்டு இரத்தம் நிற்காது. ஆஸ்பத்திரியில் மரத்துப்போகும் சொட்டு விட்டு எடுத்துவிடுவார்கள்.

குளவி கொட்டியது கண்ணிலோ இமை ஓரத்திலோ என்றாலும் அன்றே காட்டுங்கள், கொடுக்கு கருவிழியில் நிற்கலாம். உடம்பு முழுக்கக் கொட்டி மூச்சு வாங்கினால் கண்ணை அப்புறம் பார்க்கலாம், முதலில் 1990க்கு அழையுங்கள்.

11. கண்ணோட வெள்ளையிலருந்து சதை மாதிரி வளந்து கருப்புக்கு வருது. புத்துநோயா?

பெரும்பாலும் இல்லை. வெயில், காற்று, தூசியில் வருஷக்கணக்கில் வேலை செய்கிறவர்களுக்கு மூக்குப் பக்கத்தில் முக்கோணமாக வளரும் சதை இது. குளிர் நாட்டில் வெயிலா என்று கேட்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். நுவரெலியா சுமார் 1,870 மீட்டரில் இருக்கிறது. மேகம் அதை முழுதாக மறைப்பதும் இல்லை. விளிம்புள்ள தொப்பி, கண் கண்ணாடி இரண்டும் உதவும். சதை கருவிழி நடுவை நெருங்கினால் வெட்டி எடுப்பார்கள், திரும்ப வளரவும் கூடும். வேகமாக வளர்ந்தாலோ, கரடுமுரடாக இரத்தம் கசிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

12. பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டா நாளைக்குக் கல்யாணம் முடிக்கக் கஷ்டம்னு யோசிக்கிறோம்.

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். போர்டு தெரியாத பிள்ளை பாடத்தில் பின்தங்கும். “படிப்பு ஏறவில்லை” என்று பேரெடுத்து சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னாலேயே படிப்பை விட்டு நின்றுவிடும். அது எந்தக் கல்யாணத்துக்கு நல்லது?

கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, டிவிக்குக் கிட்டப் போவது, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவது, தலைவலி என்பது, இவையெல்லாம் அடையாளம். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண்ணையும் பார்ப்பார்கள். அன்று பிள்ளை வராவிட்டால் பொது சுகாதார பரிசோதகரிடம் கேட்டு வேறு நாள் காட்டுங்கள். இரண்டு கண்ணுக்கும் பவர் பெரிதாக வேறுபட்டால் மூளை மங்கலான கண்ணை ஒதுக்கிவிடும். ஏழு எட்டு வயதுக்குள் திருத்தினால் நன்றாக மீளும், அதற்குப் பிறகு கஷ்டம். தினமும் இரண்டு மணி நேரம் வெளிவெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறை (தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது) வருவது குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. போனைப் பிடுங்குவதைவிட மைதானத்துக்கு அனுப்புவது லேசு.

13. பிள்ளைக்கு லேசா மாறுகண்ணு. அதிர்ஷ்டம்னு பாட்டி சொல்றாங்க.

பிறந்து மூன்று நான்கு மாதம் வரை கண் அவ்வப்போது விலகலாம். அதற்குப் பிறகும் விலகினால் காட்டத்தான் வேண்டும். 12இல் சொன்ன அதே காரணம்தான், விலகிய கண்ணை மூளை ஒதுக்கிவிடும். சிலருக்குக் கண்ணாடி போட்டாலே நேராகும்.

இன்னொன்று. பிள்ளையைப் பிளாஷ் போட்டுப் படம் எடுக்கும்போது ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் பளபளத்தால் அந்த வாரமே கண் நிபுணரிடம் போங்கள். புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் வரும் புற்றாகவும் இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் உயிரையும் பெரும்பாலும் கண்ணையும் காப்பாற்றலாம்.

14. கைப்பிள்ளைக்கு எந்நேரமும் கண்ணுல தண்ணி ஒழுகுது.

கண்ணீர்க் குழாய் திறக்காமல் இருக்கலாம். உள்மூலையில் சுத்தமான விரலால் மெதுவாக மூக்கோரமாகக் கீழ்நோக்கித் தடவும் விதத்தைக் குடும்ப நல மாது காட்டிக்கொடுப்பார். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் திறந்துவிடும். பிறந்த முதல் மாதத்தில் இமை வீங்கிச் சீழ் வந்தால் அது வேறு, அன்றே ஆஸ்பத்திரி. மை தீட்டாதீர்கள், சிலவற்றில் ஈயம் இருக்கிறது.

மாதம் குறைந்து, எடை குறைந்து பிறந்த பிள்ளை என்றால் வீட்டுக்கு அனுப்பும்போது கண் விழித்திரைப் (கண்ணின் உள்ளே பின்பக்கம் இருக்கும் திரை) பரிசோதனைத் தேதி கொடுத்தார்களா என்று கேளுங்கள். வெளியே பார்க்கக் கண் அழகாகத்தான் இருக்கும். உள்ளே இரத்தக்குழாய் தப்பாக வளர்வது வீட்டில் யாருக்கும் தெரியாது.

15. சீனி வியாதி இருக்கு. ஆனா கண்ணு நல்லாத்தான் தெரியுது. எதுக்குக் கண் கிளினிக்குக்கு எழுதித் தர்றாங்க?

நன்றாகத் தெரியும்போதே போகத்தான். சீனி விழித்திரையின் சின்ன இரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது. அது வலிக்காது, சிவக்காது, பார்வையும் கடைசிவரை குறையாமல் இருக்கலாம். ஒருநாள் உள்ளே இரத்தம் கசிந்து கறுப்பு நூல்களாக மிதக்கும், அப்போதுதான் ஓடி வருவார்கள். முன்னாலேயே பிடித்தால் லேசர், ஊசி என்று வழி இருக்கிறது. இவை இருக்கிற பார்வையைக் காப்பாற்றும், போனது முழுசாகத் திரும்புவது அரிது. சீனி கண்டுபிடித்த உடன் ஒரு தடவை, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. சீனி உள்ள பெண் கருத்தரித்தால் முதல் மூன்று மாதத்திலேயே.

அன்று கண்மணியை விரிக்கச் சொட்டு விடுவார்கள். நாலைந்து மணி நேரம் மங்கலாகவும் கூச்சமாகவும் இருக்கும். துணைக்கு ஆள் வேண்டும், திரீவீலர் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இன்னொரு விஷயம், சீனி ஏறி இறங்கும்போது கண் பவரும் ஏறி இறங்கும். சீனி ஒரு நிலைக்கு வந்து சில வாரம் ஆனபிறகு கண்ணாடி எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் காசு வீண்.

16. அப்பாவுக்குப் புரை. இன்னும் முத்தலையாம், முத்தினதும் வெட்டலாம்னு ஊர்ல சொல்றாங்க.

அது பழைய காலத்து முறைக்குச் சரி. இப்போது சின்ன வெட்டு வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலானால் செய்யலாம். கல் போல முத்தவிட்டால் அறுவைதான் கடினமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறிவிடும். சொட்டு மருந்தாலோ மூலிகையாலோ புரை கரையாது.

விறகுப் புகை நிறைந்த குசினியில் வருஷக்கணக்கில் சமைத்த பெண்களுக்குப் புரை அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் முகாமில் முதலில் கூட்டிவரப்படுவது அப்பாக்கள்தான். அம்மாவின் கண்ணையும் பாருங்கள்.

17. எங்க செய்யறாங்க, எவ்வளவு முடியும்? ஒரு நாள் பேர் (நாள் சம்பளம்) போனாலே கஷ்டம்.

அரச ஆஸ்பத்திரியில் அறுவை இலவசம். நுவரெலியா, கண்டி, பதுளை பெரிய ஆஸ்பத்திரிகளில் கண் பிரிவு இருக்கிறது. சிக்கலான கேஸ் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்குப் போகும். லென்ஸ் வெளியே வாங்க வேண்டுமா என்று தேதி கொடுக்கும்போதே கேளுங்கள். வாங்கச் சொன்னால், வேலையில் இருக்கிறவருக்கு ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் கண் லென்ஸுக்கான கொடுப்பனவு உண்டு. பில்லைத் தொலைக்காமல் வைத்துத் தோட்ட ஒஃபிஸில் படிவம் கேளுங்கள். ஓய்வு பெற்ற பிறகு கேட்டால் கிடைக்காது.

பேர் போகும், மறுக்கவில்லை. கிளினிக் தேதியைச் சேர்த்துப் போட முடியுமா என்று நர்ஸிடம் கேட்டால் சில இடங்களில் உதவுவார்கள். சிங்களத்தில் எழுதிய கார்டு புரியாவிட்டால் அங்கேயே யாரிடமாவது வாசித்துக் கேட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்து ஊகிக்காதீர்கள்.

அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்தைச் சொன்ன நாள் வரை விடுங்கள். குழாய்த் தண்ணீர், அடுப்புப் புகை, கொழுந்துக் கூடை மூன்றும் டொக்டர் சொல்லும்வரை தள்ளி. வலி கூடினாலோ, சிவந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ அடுத்த கிளினிக் வரை காத்திராமல் அன்றே போங்கள். ஒன்றிரண்டு வருஷம் கழித்து மெதுவாக மங்கினால் பயம் வேண்டாம், புரை திரும்ப வரவில்லை. லென்ஸைத் தாங்கும் மெல்லிய பை மங்கியிருக்கும், லேசரால் சில நிமிடத்தில் திறந்துவிடுவார்கள்.

18. கண்ணுல பிரஷர்னு சொல்றாங்க. ஒடம்பு பிரஷர் மாத்திரை போட்டாப் போதாதா?

இரண்டும் வேறு. கண்ணுக்குள் ஊறும் நீர் வடியாமல் தேங்கினால் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு சாகிறது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். நேரே பார்ப்பது கடைசிவரை தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை. பக்கவாட்டில் வருகிறவர் மேல் மோதுவது, படியில் தடுக்குவது என்று தொடங்கும். போன நரம்பு திரும்பாது. அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

சொட்டு மருந்தை ஆயுசுக்கும் விட வேண்டியிருக்கும். ஒரு சொட்டு போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்குப் பக்க மூலையை இரண்டு நிமிடம் அழுத்துங்கள். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிடம். “நல்லாயிட்டேன்” என்று நிறுத்துகிறவர்கள்தான் பார்வையை இழக்கிறார்கள்.

இதில் ஒரு வகை மட்டும் சத்தம் போட்டு வரும். ஒரு பக்கம் தாங்க முடியாத கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். வாந்தியைப் பார்த்து வயிற்றுக்கு மருந்து வாங்கிக்கொண்டு படுத்துவிடாதீர்கள். சில மணி நேரத்திலேயே கண் போகும்.

19. கண்ணு முன்னால பூச்சி பறக்குது. டொக்டர் வயசுக்கு வர்றதுதான்னு சொன்னார். இப்ப திடீர்னு கூடிருச்சி.

போன தடவை சொன்னது அன்றைக்குச் சரி. இப்போது மாறிவிட்டது, அதனால் திரும்பக் காட்ட வேண்டும். திடீரென்று நிறையப் புள்ளி, மின்னல் வெட்டு, ஒரு பக்கம் திரை இறங்குவது போல நிழல், இவை விழித்திரை கிழிவதன் அடையாளம். வலி இருக்காது. அன்றே போங்கள்.

20. கசிப்பு குடிச்சா கண்ணு போகும்கிறது உண்மையா, பயமுறுத்தவா?

உண்மை. கள்ளச்சாராயமான கசிப்பில் மெதனோல் என்ற விஷம் கலந்திருந்தால் உடம்பு அதை நஞ்சாக மாற்றிப் பார்வை நரம்பைக் கொல்லும். குடித்த அன்றோ மறுநாளோ எல்லாம் வெண்மையாக, மூடுபனிக்குள் பார்ப்பது போலத் தெரியும், வாந்தி, மூச்சு வாங்குதல். வெறி என்று நினைத்துத் தூங்கவிட்டால் உயிரே போகும். குடித்ததை ஒளிக்காமல் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரம்தான் குறைவு.

21. டிபி மருந்து எடுக்கிறேன். நெறம் கொஞ்சம் மாறித் தெரியுது. நிறுத்திரவா?

நீங்களாக நிறுத்த வேண்டாம், தள்ளியும் போட வேண்டாம். அதில் எத்தம்பியூட்டோல் என்ற மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் மங்குவது முதல் அறிகுறி. உடனே மார்பு நோய்க் கிளினிக்கில் சொன்னால் அந்த மாத்திரையை மட்டும் மாற்றுவார்கள். சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை மீளும்.

22. மாமன் மகளைக் கட்டினேன். மூத்தவனுக்கு இருட்டுல கண்ணு தெரியல. கீரை குடுத்தும் சரியாகல.

5இல் சொன்ன சத்துக்குறை மாலைக்கண் மருந்து கொடுத்தால் சில நாளில் சரியாகும். சரியாகாவிட்டால் விழித்திரையில் பரம்பரையாக வரும் நோயாக இருக்கலாம். பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை சேரும்போது வருவது, நெருங்கிய சொந்தத்தில் அதற்கு வாய்ப்பு அதிகம். யார் மேலும் பழி போட இதில் ஒன்றும் இல்லை. கண் நிபுணரிடம் உறுதி செய்து, மற்றப் பிள்ளைகளையும் காட்டுங்கள். மெதுவாகத்தான் கூடும். மூத்தவனுக்கு இரவில் நல்ல டோர்ச், வகுப்பில் முன் வரிசை வாங்கு (பெஞ்சு), பெரிய எழுத்துப் புத்தகம் இப்போதே வேண்டும்.

23. அம்மாவுக்குப் புரை வெட்டியிருக்கு, சீனியும் இருக்கு. கண் தானம் குடுக்கலாமா? எங்க சித்தப்பாவுக்கு அதை வைக்க முடியுமா?

கொடுக்கலாம். எடுத்துப் பொருத்துவது முழுக்கண்ணை அல்ல, முன்னால் இருக்கும் கருவிழியை மட்டும். புரை வெட்டியதோ கண்ணாடி போட்டதோ சீனியோ பொதுவாகத் தடை இல்லை. சில தொற்று நோய்கள் தடை, அதை அவர்களே சோதிப்பார்கள். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம் வெளிநாடுகளுக்கும் கருவிழி அனுப்பியிருக்கிறது. இறந்து சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் வீட்டார் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு வைப்பது என்பது காத்திருப்போர் வரிசையைப் பொறுத்தது. சித்தப்பாவுக்கு ஏன் பார்வை போனது என்பதும் முக்கியம். 8இல் சொன்னது போலக் கருவிழித் தழும்பால் போயிருந்தால் அவருக்கு மாற்றுக் கருவிழி உதவலாம், கண் கிளினிக்கில் பெயர் பதியச் சொல்லுங்கள். 18இல் சொன்ன கண் அழுத்தத்தால் நரம்பு செத்திருந்தால் யாருடைய கருவிழியை வைத்தாலும் பார்வை வராது.